என் பெயரில் போன பேட்ச்

கல்யாணத்துக்கு முன்பே எங்கள் மேலாளர் எங்கள் இருவரையும் ஒரு சின்ன மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே டீம்ல இருக்கறதுல எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா வீட்டை இங்க கொண்டு வரக்கூடாது. ஆபீஸை எவ்வளவு வேணாலும் வீட்டுக்குக் கொண்டு போங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த விதியை நான் கடைசிவரை காப்பாற்றினேன். அதனால் லாபம் அடைந்தது நான் இல்லை.

நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே வயது. எனக்குள் எப்போதும் அவன், இவன்தான். பேசும்போது நீ, வா, போ, சண்டை வந்தால் டா. பெரியவர்கள் முன்னால் மட்டும் 'நீங்க' என்பேன். எழுதும்போது 'அவர்' என்றுதான் வருகிறது. இந்தத் தூரம் இப்போது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

இருவருக்கும் கெர்னலில் வேலை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடியில், பயன்படுத்துகிறவர் கண்ணில் படாமல், மெமரியை யாருக்கு எவ்வளவு, எந்த இடத்தில் என்று பங்கு போட்டுக் கொடுக்கும் பகுதி அது. பீர்க்கன்கரணையில் இருக்கும் என் அம்மாவிடம் இதை விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். அம்மா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெளிவாகச் சொல்லாத எதையும் சகித்துக்கொள்ள மாட்டார். "அப்ப நீ செய்யறது யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டார். "நல்லா செஞ்சா தெரியாதும்மா" என்றேன். "இது என்ன வேலை?" என்று எழுந்து போய்விட்டார். சர்ச்சில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று முடித்துக்கொள்வார்.

எங்கள் வாடிக்கையாளர் வெளிநாட்டு நிறுவனம். மருத்துவமனைகளுக்கு மானிட்டர் செய்து விற்கிறவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு படுக்கையிலும் இருக்கிற நோயாளியின் இதயத் துடிப்பு, மூச்சு எல்லாம், நர்ஸுகள் உட்காரும் இடத்தில் ஒரே பெரிய திரையில் கோடு கோடாக ஓடும். அதை ஓட்டுவது ஒரே புரோகிராம். அதற்குள் படுக்கைக்கு ஒன்றாகத் தனித்தனித் திரெட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்.

படுக்கைகளைக் கூட்டக் கூட்டத் திரை திக்க ஆரம்பித்தது. கோடு ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று ஒரு கணம் நிற்கும், பிறகு தாவும். இதயத் துடிப்பைக் காட்டும் கோடு அப்படி நின்றால் பார்க்கிற நர்ஸ் படுக்கைக்கு ஓட மாட்டாரா? இன்னும் பெரிய பிராசஸர் போட்டுப் பார்த்தார்கள். இன்னும் மோசமானது. அப்போதுதான் எங்களிடம் வந்தது.

காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை, வேறு யாரும் இப்போது சொல்லப்போவதில்லை. ஒரு புரோகிராமுக்கு உரிய முகவரிகள் எல்லாவற்றுக்கும் கெர்னல் ஒரு வரைபடம் வைத்திருக்கும். இங்கிருந்து இதுவரை இந்த வேலைக்கு, அடுத்தது இன்னொன்றுக்கு என்று துண்டு துண்டாக. அந்த வரைபடம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பூட்டுதான் இருந்தது. ஒரு திரெட் தன் துண்டைக் கலைத்துப் புதிதாக ஒன்று வாங்கப் பூட்டைத் தன் கையில் எடுத்தால், மற்ற அத்தனை திரெட்டுகளும் வெளியே காத்து நிற்க வேண்டும். அவற்றுக்கு வேண்டியது வரைபடத்தின் வேறு கோடியில் இருந்தாலும் அப்படித்தான். படுக்கைகள் கூடக் கூடக் காத்திருப்பதும் கூடியது.

தீர்வு, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பூட்டு. இது என் யோசனை இல்லை. உலகத்தில் பலர் யோசித்துச் செய்து, புதிய கெர்னல்களில் ஏற்கெனவே வந்திருந்தது. எங்கள் வாடிக்கையாளர் வைத்திருந்ததோ பழைய கெர்னல். மருத்துவக் கருவியில் கெர்னலை மாற்றினால் முதலிலிருந்து அனுமதி வாங்க வேண்டும் என்று பயந்தார்கள். அதனால் பழைய கட்டடத்துக்குள்ளேயே எங்கள் கையால் புதிய சுவர்களை எழுப்ப வேண்டியிருந்தது.

அந்த மாதங்களைப் பற்றி மட்டும் என்னால் கசப்போடு எழுத முடியவில்லை. கீழ்க்கட்டளையில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப்களும் எதிரெதிராகத் திறந்திருக்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை; அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியும் நாளாகியிருந்தது. இந்த வேலையில்தான் மறுபடியும் நிறையப் பேசினோம். பல் தேய்த்துக்கொண்டே வந்து, "அந்த இடத்துல ரெண்டு லாக்கையும் தலைகீழா எடுக்கறே, மாட்டிக்கும்" என்பார். நான் போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். அவர் நல்ல எஞ்சினியர். அதை மறுக்க முடிந்திருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

வேலையில் ஆபத்தான இடம் ஒன்றுதான். ஒரு திரெட் வரைபடத்தைப் பார்த்து, 'இது என் துண்டு' என்று கண்டுகொள்கிறது. பிறகு அந்தத் துண்டின் பூட்டை எடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சின்ன இடைவெளி. அதற்குள் இன்னொரு திரெட் அந்தத் துண்டைக் கலைத்துவிடலாம். கலைத்த துண்டுக்கு ஒதுக்கிய இடத்தைக் கெர்னல் சும்மா வைத்திருக்காது; உடனே வேறொரு துண்டுக்குக் கொடுத்துவிடும். நீங்கள் பூட்டை எடுத்து உள்ளே நுழைகிறபோது அது வேறு யாருடையதாகவோ இருக்கும். அதனால் பூட்டை எடுத்த பிறகு, 'இது இன்னும் என்னுடையதுதானா' என்று ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். அந்தச் சரிபார்ப்பை நான் எழுதியிருந்தேன். சில வரிகள்தான்.

ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சமையலுக்கு முன்னால், அவர் அந்த வரிகளில் நின்றார்.

"இந்தச் செக் எதுக்கு?"

"லாக் எடுக்கறதுக்குள்ள மாறிடுச்சுன்னா?"

"அவ்ளோ சின்ன கேப்ல எங்க மாறப் போகுது? ஒவ்வொரு தடவையும் இதைப் போய்ப் பாக்கறதுலயே டைம் போகுது. ஸ்பீடு நம்பர் ஏற மாட்டேங்குது பாரு."

"நம்பர் போதும். திக்கறதுதான் நின்னுடுச்சே."

"நமக்குப் போதும். கிளையன்ட்டுக்குக் காட்டற டெமோக்குப் போதாது. புது பிராசஸர் வாங்க வேணாம்னு நாம சொல்றோம். அப்ப கிராஃப் பாத்தா அசந்துடணும்."

"வேணாம்டா. அது இருக்கட்டும்."

"எடுத்துட்டு எல்லா டெஸ்ட்டும் ஓட்டிட்டேன். ஒண்ணுகூட ஃபெயில் ஆகல."

"இங்க ஆகாது. ஆகறப்ப நம்ம கண்ணு முன்னாடி ஆகாது."

அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் போய்க் கிளறிவிட்டு, உப்புப் பார்த்துவிட்டு வந்தேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கிராஃபில் எங்கள் கோடு உயரத்தில் நின்றது. "சரி சரி, முறைக்காதே. திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பேட்ச், அதாவது நாங்கள் எழுதிய திருத்தம், ரிலீஸுக்குள் போயிருந்தது. படித்துப் பார்த்து ரிவ்யூ செய்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும். நாங்கள் இருவரும் எழுதியது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் பெயரில் போயிருந்தது. சரிபார்ப்பு வரிகள் இல்லை.

நான் அவர் இருக்கைக்குப் போனேன். அவர் காபி குடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "உன் பேர்ல போட்டுட்டேன். எனக்குப் போன வருஷமே ப்ரமோஷன் வந்தாச்சு. இந்த வருஷம் உனக்கு வரணும்."

"அந்தச் செக்?"

"இன்னிக்கு ரிலீஸை மூடறாங்க. இப்ப கை வெச்சா ஒரு மாசம் தள்ளும். அடுத்த வெர்ஷன்ல போட்டுக்கலாம்மா."

எனக்காக ஒருவர் தன் பெயரை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று அப்போது எனக்குக் கண் கலங்கியது. இருக்கைக்குத் திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், இப்போது நினைத்தால் உடம்பு கூசுவது அந்தக் கண்ணீருக்குத்தான்.

டெமோ பிரமாதமாக நடந்தது. கேக் வெட்டினார்கள். எனக்கு ப்ரமோஷனும் வந்தது. அடுத்த வெர்ஷனுக்கு வேறு வேலைகள் வந்து குவிந்தன. செக்கைப் பற்றி நான் ஞாபகப்படுத்தும்போதெல்லாம், "ஆமா, போடணும்" என்பார். அதைப் போட்டால் கிராஃப் இறங்கும். இறங்கினால் ஏன் என்று வாடிக்கையாளர் கேட்பார். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

புகார் வந்தது ஒரு மழைக்காலக் காலையில். தூரதேசத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு நோயாளி உடம்பிலிருந்து வயர்களை எல்லாம் கழற்றிவிட்டுக் குளியலறைக்குப் போயிருக்கிறார். திரையில் அவர் படுக்கையின் கட்டத்தில் இதயத் துடிப்பு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. காலிப் படுக்கைக்கு எப்படித் துடிப்பு வரும் என்று ஒரு நர்ஸ் கவனித்திருக்கிறார். அது நான்கு படுக்கை தள்ளி இருந்தவருடைய துடிப்பு. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுபக்கமாக நடந்திருந்தால்? நின்றுபோன இதயத்தின் கட்டத்தில் அடுத்தவரின் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தால்?

படித்ததும் எங்கள் பேட்ச்சைத் திறந்தேன். எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு துண்டு கலைந்து, அதே இடம் வேறு படுக்கையின் துண்டுக்குப் போய், பார்க்காமல் உள்ளே நுழைந்த திரெட் அடுத்தவருடைய மெமரியைத் தன் முகவரியில் ஒட்டிவைத்திருக்கிறது. கெர்னல் விஷயத்தில் இவ்வளவு நேராக ஒரு தவறு வந்து நிற்பது அபூர்வம். தலையைத் தூக்கி எதிர் வரிசையில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

மீட்டிங் அன்று மத்தியானமே நடந்தது. மேலாளர், நாங்கள் இருவர், இன்னும் இரண்டு பேர். திரையில் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு அம்மாள். நான் காரணத்தை விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அந்த அம்மாள் அமைதியாக, இந்தச் சரிபார்ப்பு ஏன் இல்லை என்று கேட்டார்.

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். அது இவர் சொல்ல வேண்டியது. நான் சொன்னால் என்ன ஆகும்? 'என் புருஷன்தான் எடுத்தார்' என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்னால் ஒரு பெண் சொல்கிற காட்சி. மேலாளரின் விதி அந்த அறைக்குள் ஆறாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. இவர் தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "இவர் எழுதிய பேட்ச்சில் அந்தச் சரிபார்ப்பு விடுபட்டுவிட்டது. ஆனால் ரிவ்யூ செய்தவன் நான். நான் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்."

எடுத்தது, 'விடுபட்டது' ஆகிவிட்டது.

அந்த அம்மாள் அவருடைய நேர்மைக்கு நன்றி சொன்னார். மேலாளர் மேசைக்கு அடியில் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்ததை நான் பார்த்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரே கேள்விதான் என்னிடம் வந்தது: சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரம் என்றேன். முன்பு எழுதியிருந்த அதே வரிகளைத் திரும்ப எழுதினேன்.

வீட்டுக்குப் போகும்போது துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் மழைத் தண்ணீர். கீழ்க்கட்டளை சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. நான்தான் ஆரம்பித்தேன்.

"விடுபட்டுடுச்சா?"

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

"எடுத்தேன்னு சொல்லணும்."

"உன் பேர்லதானே இருக்கு? அந்த இடத்துல நான் எடுத்தேன்னு சொன்னா, அப்ப பேட்ச்சே யாரோடதுன்னு கேப்பாங்க. உன் ப்ரமோஷனும் போகும், என் பேரும் போகும். ரெண்டு பேரும் மாட்டிக்கறதுல என்ன லாபம்?"

"அதனால நான் மட்டும் மாட்டிக்கணும்."

"நான் பழியைப் பகிர்ந்துக்கிட்டேன்ல? எல்லார் முன்னாடியும் பொறுப்பு என்னுதுன்னு சொன்னேன்ல?"

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். இவர் கண்ணாடியை இறக்கி, "எங்கய்யா போகச் சொல்றே?" என்று கத்தினார். அவருக்குக் கோபம் வந்ததை அன்று முழுவதிலும் அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். அந்தச் சின்ன அறைதான். "கொஞ்ச நாள் டெஸ்டிங் டீம்ல இருங்க. கிளையன்ட் கொஞ்சம் அப்செட்டா இருக்காங்க. பனிஷ்மென்ட்னு நினைக்காதீங்க" என்றார். நான் அவரிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். சொல்ல ஆரம்பித்தேன். "சார், அந்தச் செக் விஷயத்துல வீட்ல நடந்தது என்னன்னா..." என்ற அளவில் அவர் கையைத் தூக்கினார். "வீட்ல நடந்தது வேண்டாம்மா. நான் முன்னாடியே சொல்லியிருக்கேன்."

டெஸ்டிங் குழுவில், மற்றவர்கள் எழுதியது உடைகிறதா என்று பொத்தான்களை அழுத்திப் பார்க்கும் வேலை. நல்ல பிள்ளைகள்தான் அங்கே இருந்தார்கள். நான் போனால் மட்டும் பேச்சைத் தாழ்த்துவார்கள். சில மாதங்கள் பார்த்துவிட்டு வேலையை விட்டேன். இவர் தடுக்கவில்லை. "உனக்கும் ரெஸ்ட் வேணும்" என்றார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ரொம்ப ஸ்ட்ரெஸ், அதான் ஒரு பிரேக்" என்று நான் இருக்கும்போதே சொல்லுவார். கொஞ்ச காலத்தில் அவர் அதே ஆபீஸில் ஆர்க்கிடெக்ட் ஆனார், எங்கள் தொழிலில் பெரிய பதவி.

காலையில் அவர் கார் வெளியேறியதும் நான் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே போவேன். வாட்ச்மேன் தினமும் கேட்பார். "இன்னா மேடம், லீவா? வூட்லயே கீறீங்க?" கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பேச்சுக்குக் கேட்பதுதான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் பையை வைத்துவிட்டு நேரே மேலே வந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தேன்.

படப்பை தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை கிடைத்தது. தாம்பரத்தில் கல்லூரி பஸ் ஏறினால் முடிச்சூர் வழியாகப் போய் இறக்கிவிடும். மூன்றாம் ஆண்டுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடம். மெமரி அத்தியாயம் வரும்போது பாதி வகுப்பு தூங்கும். ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் அப்பாக்களின் பிள்ளைகள். படிப்பை முடித்து எப்படியாவது ஓர் ஆபீஸில் உட்கார்ந்துவிட வேண்டும் அவர்களுக்கு. எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை என்றாலும், சொன்னதை மாற்றிச் சொல்லாத வேலையாக இருந்தது. கரும்பலகையில் நான் எழுதியதை நான்தான் அழித்தேன்.

எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் விழாப் பிரியர். என் கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று எப்படியோ தெரிந்துகொண்டார். "மேடம், வீட்லயே எக்ஸ்பர்ட்டை வெச்சுக்கிட்டுச் சொல்லவே இல்ல பாத்தீங்களா!" என்று, நான் தட்டிக்கழித்தும் கேட்காமல் நேரடியாக அவருக்கே எழுதிச் சிறப்புரைக்கு அழைத்துவிட்டார். இவரும் ஒப்புக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். இவர் பேசியது மெமரி வரைபடத்தின் பூட்டுகளைப் பற்றி. ஒரே பூட்டு, காத்திருக்கும் திரெட்டுகள், துண்டுக்கு ஒரு பூட்டு. நன்றாகப் பேசினார். என் வகுப்பில் தூங்குகிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் முதன்முதலில் சாப்பாட்டு மேசையில் அவருக்கு வரைந்து காட்டிய அதே படம் இப்போது வண்ணத்தில் திரையில் வந்தது.

பிறகு அந்த மருத்துவமனைக் கதை வந்தது. நோயாளி, குளியலறை, காலிப் படுக்கையின் துடிப்பு.

"காரணம் என்ன தெரியுமா? ஒரு சின்னச் செக். அவ்வளவுதான். டீம்ல ஒருத்தர் விட்டுட்டாங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஏன் சார் விட்டாங்க?"

"அனுபவக் குறைவுதான். ஸ்பீடு வேணும்னு ஆர்வத்துல சில பேர் அவசரப்படுவாங்க. அதனாலதான் ரிவ்யூ ரொம்ப முக்கியம்."

நான் கை தூக்கினேன். துறைத் தலைவர் பூரித்துப்போய் மைக்கை என்னிடம் அனுப்பினார். சபைக்காக 'சார்' என்றுதான் கேட்டேன். "அந்தச் செக் வேணும், எடுக்காதீங்கன்னு டீம்ல யாரும் சொல்லலியா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"சொல்லியிருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். பிறகு சிரித்து, "வீட்ல கேக்கற கேள்வி பத்தாதுன்னு இங்கயும் கேக்கறாங்க" என்றார். அறை முழுவதும் கைதட்டியது.

பொன்னாடை, படம் பிடித்தல் எல்லாம் முடிந்து கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். வெயில் கொளுத்தியது. அவர் கதவைத் திறந்து, "வா, சேர்ந்தே போயிடலாம். வழியில எங்கயாவது சாப்பிட்டுக்கலாம்" என்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

நான் ஏறவில்லை. "உண்மையிலேயே ஞாபகம் இல்லியா?"

"எது?"

"அந்தச் செக்கை யார் எடுத்தது."

"அட, அதைப் போய் இன்னும் பிடிச்சுக்கிட்டு. உன் பேரைச் சொன்னேனா? ஒருத்தர்னுதானே சொன்னேன்?"

"சனிக்கிழமை. அடுப்புல கறி இருந்துச்சு. நீ நம்பர் ஏறலைன்னு சொன்னே."

அந்தச் சனிக்கிழமை அவருக்கு நினைவுக்கு வந்தது முகத்தில் தெரிந்தது. எனக்கு ஒரு நிமிஷம் பெரிய ஆறுதலாகக்கூட இருந்தது.

"ஆமா, ஞாபகம் இருக்கு" என்றார். "நீதானே அது ஸ்லோவாக்குது, எடுத்துடலாம்னு சொன்னே? நான்தான் திங்கக்கிழமை பேசிக்கலாம்னு சொன்னேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் இல்லை. பழைய சண்டை ஒன்றில் மனைவிக்கு விட்டுக்கொடுக்கிற கணவனின் இதமான குரலில் சொன்னார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த முகம். அது பொய் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மீட்டிங்கில் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. சத்தியம் செய்யச் சொன்னால் வேதாகமத்தின் மேல் கை வைத்துச் செய்திருப்பார்.

அதுவரை எனக்கு ஒரு பலம் இருந்தது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும் என்கிற பலம். வாட்ச்மேனும் டெஸ்டிங் பிள்ளைகளும் என்ன நினைத்தாலும், அந்த வீட்டில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு உண்மை தெரியும் என்று நினைத்துத்தான் நான் நிமிர்ந்து நடந்தேன். அவருக்கு உள்ளுக்குள் உறுத்தும் என்று நம்பி, அந்த உறுத்தலை எனக்கு வர வேண்டிய நியாயமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே எதுவுமே இல்லை. எப்போதோ காலியாகிவிட்டிருந்தது.

"நான் பஸ்ல வர்றேன்" என்றேன்.

"வெயில்ல எதுக்கு..."

"நீ போ."

கல்லூரி பஸ்ஸில் ஏறினேன். தாம்பரம் வரை போகாமல் வழியிலேயே இறங்கி ஆட்டோ கேட்டேன். "எங்க மேடம்? ஏரியாண்டயா? குந்துங்க, வுட்டுர்றேன்" என்றார் ஆட்டோக்காரர். பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டி வரும்போது, அம்மா வீட்டுக்குப் போவதென்று எப்போது முடிவு செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா கதவைத் திறந்து, கையில் ஒரு பையும் இல்லாததைப் பார்த்தார். சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கெர்னல் முதற்கொண்டு முழுவதும், அம்மா குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"அவர் குடிக்கிறாரா? கை நீட்டுறாரா? இதுக்குப் போய் ஒருத்தி வீட்டை விட்டு வருவாளா?"

"அம்மா, செய்யாததை நான் செஞ்சேன்னு அவன் நம்புறான்."

"நம்பிட்டுப் போகட்டும். உனக்குத்தான் தெரியுமே."

சாயங்காலம் அவர் போன் செய்தார். எங்கே இருக்கிறாய், சாவி இருக்கிறதா, அத்தைக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டார். கடைசியில், "நான் என்ன தப்பா சொன்னேன்?" என்று கேட்டார். அவர் நினைத்துக்கொண்டிருப்பதன்படி அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லைதான்.

அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். கல்லூரிக்கு இங்கிருந்து பக்கம்தான். அவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து, முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "எப்ப வரே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். கோபமே இல்லாமல் கேட்கிறார். பிரிந்துவிட்டோம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தனியாவா வந்தே? சார் வரலியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"எனக்கு முழங்கால் வலி அதிகமாயிடுச்சு. கூட இருந்து பாத்துக்கட்டும்னு அவர்தான் அனுப்பி வெச்சிருக்கார்."

அம்மாவுக்கு முழங்காலில் ஒரு குறையும் இல்லை. காலையில்தான் மொட்டை மாடிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அந்த அக்கா, "தங்கமான மருமகன்" என்றார். அம்மா தலையாட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை லேசாக இழுத்து இழுத்துக் கேட் வரை நடந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர் வேகத்துக்கு மெதுவாக நடந்தேன்.